கழனியா, கொல்லையா? சிறு விமானத்தில் என்ஜின் நின்றால் செய்ய வேண்டியவை

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கத்திலிருந்து பைலட் பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளைகள் சிலர் என்னைப் பார்க்க வருவார்கள். மருத்துவப் பரிசோதனை, கட்டணம், பரீட்சை எல்லாம் பேசி முடித்த பிறகு, எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு கேள்வி வரும்: “சார், மேல போனப்புறம் என்ஜின் நின்னுட்டா?” வீட்டில் அம்மா கேட்டு அனுப்பிய கேள்வி என்பது முகத்திலேயே தெரியும். அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. இறக்கை இருக்கிறது, முன்னோக்கிய வேகம் இருக்கிறது, அது மிதந்துகொண்டே இறங்கும். பயிற்சியில் அதிகம் பார்க்கும் செஸ்னா 172, காற்று இல்லாத நேரத்தில், 1,000 அடி உயரத்தை இழப்பதற்குள் சுமார் ஒன்றரை கடல் மைல் போகும். நம் கணக்கில் 2.7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் காட்பாடி ஜங்ஷனுக்கு மேலே நின்றுபோனாலும் வேலூர் கோட்டையைத் தாண்டிப் போகலாம். கையில் ஏறக்குறைய நான்கு நிமிடம் இருக்கும். பதறினால் நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை. வரிசை தெரிந்தவருக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. ஆல்டிமீட்டர் காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம். வேலூர்த் தரையே சுமார் 700 அடியில் இருக்கிறது. ஊசி 3,000 என்று காட்டினால் உங்கள் காலுக்குக் கீழே இருப்பது 2,300 அடிதான். சென்னைப் பக்கம் கடலோரமாகப் பறந்து பழகியவர்கள் இங்கே வரும்போது இந்தக் கழித்தலை மறந்துவிடுகிறார்கள். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போனால் இன்னும் நிறையக் கழிக்க வேண்டும்.

முதல் வேலை: மூக்கு

என்ஜின் சத்தம் குறைந்ததும் கை தானாக யோக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடியை, பின்னால் இழுக்கும். உயரத்தை விடக்கூடாது என்று உடம்பு நினைக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான். அந்த இழுப்புதான் ஆளைக் கொல்கிறது. மூக்கு தூக்கினால் வேகம் கரையும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது, ஸ்டால் ஆகும். தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஆன விமானத்தை மீட்க இடம் கிடையாது. என்ஜின் நின்றதால் நொறுங்கியது என்று பேசப்படும் விபத்துகளை விசாரித்துப் பார்த்தால், பல இடங்களில் கடைசியில் நடந்தது இந்த ஸ்டால்தான்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் வேகம். சமமாகப் பறந்துகொண்டிருந்தால் உங்கள் வேகம் நூறு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) அளவுக்கு மேல் இருக்கும். அதை வீணாக்காமல், உயரத்தைப் பிடித்தபடியே கிளைடு வேகத்துக்கு (என்ஜின் இல்லாமல் அதிக தூரம் மிதக்கும் வேகம்) வரும்வரை விட்டு, அப்புறம் மூக்கை இறக்குங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால் காத்திருக்க நேரமில்லை, உடனே முன்னால் தள்ள வேண்டும். செஸ்னா 172-இல் கிளைடு வேகம் மாடலைப் பொறுத்து 65 முதல் 68 நாட். 152-இல் 60. உங்கள் விமானத்தின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. நான் சொல்வதோ நண்பர் சொல்வதோ அல்ல. அந்த வேகம் நிலைத்ததும் ட்ரிம் சக்கரத்தைச் சுற்றி, கையை எடுத்தாலும் விமானம் அந்த வேகத்திலேயே போகும்படி வையுங்கள். இந்த ட்ரிம் வேலைக்கு ஐந்து விநாடி பிடிக்கும். அந்த ஐந்து விநாடிதான் அடுத்த எல்லா வேலைக்கும் மூளையை விடுவித்துக் கொடுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்ஜின் சக்தி போனாலும் பெரும்பாலும் புரொப்பெல்லர் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும். கண் முன்னால் அது சுற்றுவதைப் பார்த்து, என்ஜின் ஓடுகிறது என்று நம்பி நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

இரண்டாவது: எங்கே?

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் பறக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்: “இப்ப நின்னா எங்க?” விரலை நீட்டிக் காட்ட வேண்டும். “அதோ அங்கே” என்று பொதுவாகச் சொன்னால் விடமாட்டார்; எந்த நிலம், எந்தப் பக்கமிருந்து இறங்குவாய், காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் என்னிடம் கற்றவர்களை அப்படித்தான் கேட்டேன். என்ஜின் நின்ற பிறகு இடம் தேடுவது தாமதம். தேடி வைத்த இடத்துக்குத் திரும்புவதுதான் முறை.

நம் வட ஆற்காட்டில் நிலத்துக்கு இரண்டு பெயர் உண்டு. தண்ணீர் கட்டிப் பயிர் வைப்பது கழனி. மழையை நம்பி மல்லாட்டை (நிலக்கடலை), கேழ்வரகு, துவரை போடுவது கொல்லை. மேலேயிருந்து பார்க்கும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கழனி மட்டமாக, பச்சைப் பசேல் என்று அழகாகத் தெரியும். ஆசைப்படாதீர்கள். சேற்றில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். வரப்பும் நெருக்கமாக இருக்கும். அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் கழனி என்றால் சரி, வரப்புக்கு இணையாக, நீளவாட்டில் இறங்குங்கள். கொல்லை அதைவிட நல்லது. மல்லாட்டை பிடுங்கிய கொல்லை இன்னும் நல்லது. உழுதிருந்தால் உழவுச் சாலை ஒட்டியே இறங்க வேண்டும், குறுக்கே கூடாது. கரும்பு பச்சைப் பஞ்சு மாதிரி தெரியும், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். வேறு வழி இல்லாவிட்டால் மட்டும். தென்னந்தோப்புப் பக்கமே போகாதீர்கள்.

கொல்லையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பள்ளிகொண்டா பக்கம் எங்கள் பெரியப்பாவின் நிலத்தில் நடந்துதான் அதை நான் கற்றுக்கொண்டேன். மேலேயிருந்து பலமுறை பார்த்து, இறங்க ஏற்ற இடம் என்று மனதில் குறித்து வைத்திருந்த நிலம் அது. ஒரு லீவு நாளில் போய் நடந்து பார்த்தால், நடுவில் சதுரமாக வெட்டிய பெரிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. மேலேயிருந்து நான் மர நிழல் என்று நினைத்த கறுப்புத் திட்டு அதுதான். பெரியப்பாவிடம் கேட்டேன்: “தூரத்துலருந்து பாத்தா கிணறு எங்க இருக்குதுன்னு எப்படித் தெரியும் பெரியப்பா?” அவர் சொன்னார்: “கரண்டு கம்பம் எங்க முடியுதோ அங்க பாரு.” அவ்வளவுதான். சாலையிலிருந்து நிலத்துக்குள் போகும் மின்கம்ப வரிசை பம்ப் செட்டில் முடியும். பம்ப் செட் கிணற்றங்கரையில் இருக்கும். பக்கத்தில் ஒன்றிரண்டு தென்னை நிற்கும். அன்றிலிருந்து எந்த நிலத்தைத் தேர்ந்தாலும் முதலில் கம்பத்தைத்தான் தேடுகிறேன். கம்பம் இன்னொரு வேலைக்கும் உதவும்: கம்பியைக் கண்ணால் பார்க்க முடியாது, கம்பத்தைப் பார்க்கலாம். இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு அதற்கு மேலாக வாருங்கள்.

பாலாற்று மணல் நீளமான ஓடுபாதை மாதிரி தெரியும். பலர் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். மணல் எடுத்த பள்ளங்கள், குடிநீருக்குப் போட்ட உறைகிணறுகள், சீமைக்கருவேலப் புதர்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. இளகின மணலில் முன்சக்கரம் மாட்டும். கோடையில் வற்றிய ஏரியும் அப்படித்தான், வண்டல் எடுத்த குழியைக் கவனியுங்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்சும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அடுத்தவர் உயிரை நம் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆள் இல்லாத நிலம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது சாலை எதற்கு?

விமான நிலையம் எட்டுமா என்று எப்போதும் பாருங்கள். அப்துல்லாபுரத்தில் பழைய ஓடுபாதை இருக்கிறது. குட்டையானது, ஆனால் சிறு விமானத்துக்கு அது பெரிய வரம். அன்றைக்கு அதன் நிலை என்ன, வேலை நடக்கிறதா, பாதையில் ஏதாவது நிற்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி இருக்கிறது, ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கு மேல். சாதாரண நாளில் அந்த வான்வெளிக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. உயிர் ஆபத்தில் “மேடே” என்ற அவசர அழைப்பைச் சொல்லி இறங்குகிறவர் தயங்க வேண்டியதில்லை. ஆபத்தில் விதியை மீறும் உரிமையை விமானத் தலைவருக்குச் சட்டமே கொடுக்கிறது. உள்ளே நுழையும் முன் ரேடியோவில் சொல்லிவிடுங்கள்.

காற்றின் திசைக்குச் செங்கல் சூளைப் புகை, கரும்புச் சோகை எரியும் புகை. புகை இல்லையென்றால் ஏரியைப் பாருங்கள்: எந்தக் கரையோரம் தண்ணீர் அலையில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது. காற்றை எதிர்த்தே இறங்குங்கள். தரையைத் தொடும் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பத்து நாட் எதிர்க்காற்று அதில் கணிசமாகக் குறைத்துக் கொடுக்கும்.

மூன்றாவது: மறுபடி ஓட வைக்க முடியுமா?

வேகம் பிடித்தாயிற்று, இடம் பார்த்து அந்தப் பக்கம் திரும்பியாயிற்று. இப்போதுதான் காக்பிட்டுக்குள் கை போக வேண்டும். தரையிலிருந்து மேலாக ஒரே வரிசையில் கையை ஓட்டுவது எனக்குப் பிடித்த பழக்கம். ஃப்யூயல் செலக்டர் (எந்த டேங்கிலிருந்து எரிபொருள் என்று தேர்வது): 172 என்றால் இரண்டு டேங்குக்கும் பொதுவாக. மிக்ஸ்சர் (காற்றோடு சேரும் எரிபொருளின் அளவு) முழுசாக உள்ளே. கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பும் குமிழ், சுருக்கமாக கார்ப் ஹீட்) முழுசாக வெளியே. பிரைமர் (ஸ்டார்ட் செய்ய எரிபொருள் அடிக்கும் சிறு பம்ப்) பூட்டியிருக்கிறதா? எரிபொருள் பம்ப் இருந்தால் ஆன். மேக்னெட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு கருவிகள்) சாவி இரண்டிலும். புரொப்பெல்லர் நின்றே போயிருந்தால் மட்டும் ஸ்டார்ட்டர். உயரம் இருந்தால் செக்லிஸ்டை எடுத்துப் படித்துச் சரிபாருங்கள், இல்லையென்றால் மனப்பாடம்தான். தரையில் நிற்கும் விமானத்தில், கண்ணை மூடிக்கொண்டு, கை தானாகப் போகும்வரை பழகுங்கள்.

இதில் கார்ப் ஹீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வெயில் ஊரில் ஐஸ் எங்கே வரும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகலான வழியில் காற்று விரையும்போதும் வெப்பம் இருபது டிகிரிக்கு மேலேயே இறங்கலாம். வெளியே 22 டிகிரியும் நல்ல ஈரமும் இருந்தால் உள்ளே உறைநிலை. வடகிழக்குப் பருவமழைக் காலத்து வேலூர் காலை அப்படித்தான் இருக்கும்.

ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட காலை. செஸ்னா 152, ஆம்பூருக்கு மேலே 3,500 அடி. ஓட்டியது பயிற்சிக்கு வந்த பையன். த்ராட்டிலை (சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) யாரும் தொடவில்லை, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 2,400-இலிருந்து மெதுவாக 2,250-க்கு வந்துவிட்டது. அவன் த்ராட்டிலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சரிசெய்தான். மறுபடி இறங்கியது. “தம்பி, த்ராட்டில விடு. கார்ப் ஹீட்ட முழுசா இழு” என்றேன். இழுத்தான். ஊசி இன்னும் கீழே போய், என்ஜின் இருமுகிற மாதிரி உதறியது. பயந்துபோய் அவன் கை அந்தக் குமிழை உள்ளே தள்ளப் போனது. அவன் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். “சார், மோசமாவுது சார்.” “ஐஸ் கரைஞ்சு தண்ணியா உள்ள போவுது. பொறு.” அரை நிமிடம் இருக்கும். உதறல் நின்றது, ஊசி தானாக ஏறியது. அந்த அரை நிமிடத்திலும் இடதுபக்கம் காய்ந்த கொல்லை ஒன்றை அவன் பார்த்து வைத்திருந்தான் என்று அப்புறம் சொன்னான். எனக்கு அதுதான் மனசுக்கு நிறைவாக இருந்தது.

கார்ப் ஹீட்டைப் பாதியில் விட்டால் பழைய நிலையைவிட மோசமாகும் என்பதை நினைவில் வையுங்கள். இன்ஜெக்‌ஷன் வகை என்ஜினில் கார்புரேட்டரே கிடையாது; அதற்கு மாற்றுக் காற்று வழி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

என்ஜின் முழுதாக நிற்காமல் உதறிக்கொண்டே ஓடினால் அது இன்னும் தந்திரமான நிலை, ஏனென்றால் நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். மேக்னெட்டோவை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்; ஒன்றில் நன்றாக ஓடினால் அதிலேயே விட்டுவிடுங்கள். ஆயில் பிரஷர் விழுந்து வெப்பநிலையும் ஏறினால் என்ஜின் சீக்கிரம் நின்றுவிடும் என்றே வைத்துக்கொண்டு, சக்தியைக் குறைத்து, அருகிலுள்ள இடத்தில் இறங்குங்கள். வெப்பநிலை மாறாமல் பிரஷர் மட்டும் குறைந்தால் மீட்டர் கோளாறாக இருக்கலாம், அப்போதும் வீட்டுக்குப் போகும் யோசனை வேண்டாம். புகையோ தீயோ தெரிந்தால் மறுபடி ஓட வைக்கும் முயற்சியே கூடாது: மிக்ஸ்சர் வெளியே, எரிபொருள் அடைப்பு, மாஸ்டர் (மின்சார மெயின் சுவிட்ச்) ஆஃப், கேபின் ஹீட் அடைப்பு, அப்புறம் வேகமாக இறக்கம்.

ரேடியோ

இது மூன்று வேலைக்கும் பிறகுதான். பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே சொல்லுங்கள், அங்கே உங்களை ஏற்கனவே தெரியும். பதில் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5. டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் கருவி) அவசரக் குறியீடு 7700. “மேடே” மூன்று முறை, விமான அடையாளம், என்ன கோளாறு, எங்கே இருக்கிறீர்கள், என்ன உயரம், என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பேர். உதறும் என்ஜினுக்கு, மேடேக்கு ஒரு படி கீழான “பான் பான்” போதும். இடத்தைச் சொல்லும்போது கிராமத்தின் பெயர் சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. “வேலூருக்கு மேற்கே பத்து மைல், பாலாற்றுக்குத் தெற்கே” என்கிற மாதிரி சொல்லுங்கள். தாழ இறங்கியபின் ரேடியோ எட்டாது, அதனால் உயரம் இருக்கும்போதே.

இறங்குவது

நிலத்தின் ஓரத்தைக் குறி வைக்காதீர்கள். முதலில் நிலத்தின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே ஒரு புள்ளியைக் குறி வையுங்கள். கண்ணாடியில் அந்தப் புள்ளி மேலே நகர்ந்தால் எட்டமாட்டீர்கள், கீழே நகர்ந்தால் தாண்டிப் போவீர்கள். நிச்சயமாக எட்டும் என்று தெரிந்த பிறகு ஃப்ளாப் (இறக்கையின் பின்புற மடல்) கொடுத்துப் புள்ளியை நிலத்தின் இந்த ஓரத்துப் பக்கம் கொண்டு வாருங்கள். உயரம் கூடுதலாக இருந்தால் வளைந்து வளைந்து வந்தோ, சைடுஸ்லிப் (பக்கவாட்டில் சாய்த்து வழுக்கி இறங்குவது) செய்தோ இழக்கலாம். குறைந்த உயரத்தைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. கடைசி நேரத்தில் இதைவிட நல்ல நிலம் பக்கத்தில் தெரியும். விட்டுவிடுங்கள். தாழ்வில் மனம் மாறுவதுதான் பெரிய ஆபத்து.

என்ஜின் இனி ஓடாது என்று உறுதியானதும் மிக்ஸ்சர், எரிபொருள், மேக்னெட்டோ எல்லாவற்றையும் அடையுங்கள். மாஸ்டர் சுவிட்ச் மட்டும் கடைசியில், ஏனென்றால் 172-இல் ஃப்ளாப் மின்சாரத்தில் இறங்குகிறது. பெல்ட்டை இறுக்கி, கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வையுங்கள். கதவுச் சட்டம் வளைந்தால் மூடிய கதவு திறக்காது. முடிந்த அளவு குறைந்த வேகத்தில், மூக்கைத் தூக்கி, பின்சக்கரங்கள் முதலில். தொட்டபின்னும் யோக்கைப் பின்னாலேயே பிடித்திருங்கள். மரம் தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு மரத்துக்கு நடுவே போங்கள். இறக்கை போகட்டும். விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தை என்ஜின் நின்ற அந்த நொடியிலேயே விட்டுவிட வேண்டும், அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இனி எல்லாமே.

கிளம்பிய உடனே நின்றால்

மேலே சொன்ன எதற்கும் நேரமில்லாத நிலை இது. மூக்கை இறக்கி, நேராக முன்னால், முப்பது டிகிரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும் இடத்தில் இறங்குங்கள். ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசை பலரைக் கொன்றிருக்கிறது. திரும்புவதற்கு 180 டிகிரி போதாது, பாதையோடு சேர இன்னும் வளைய வேண்டும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, 60 டிகிரியில் 41 சதவீதம். கத்திரி வெயிலில் இன்னும் மோசம்: 40 டிகிரி வெப்பத்தில் வேலூர்த் தரையில் நிற்கும் விமானம், காற்றின் அடர்த்தியில் பார்த்தால், சுமார் 4,000 அடி உயரத்தில் நிற்கிறது. ஏலகிரி உச்சிக்குப் போய் அங்கிருந்து கிளம்புகிற மாதிரி. ஏற்றம் மந்தமாக இருக்கும், அதனால் நிற்கும்போது கையில் உயரம் குறைவு. அதிகாலையில் பறக்கப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: சக்கரம் தரையில் இருக்கும்போது நின்றால் த்ராட்டில் மூடி பிரேக், தாழ்வில் நின்றால் நேராக அந்தக் கொல்லை, இந்த உயரத்துக்கு மேல் போனால்தான் திரும்பும் யோசனை. சொல்லி வைத்திருந்தால் திகைத்து நிற்கும் முதல் நான்கு விநாடி குறையும்.

அதற்கும் முன்னால் தரையில் ஒரு வேலை. என்ஜின் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது எரிபொருள்: தீர்ந்துபோவது, தவறான டேங்கில் விடுவது, தண்ணீர் கலப்பது. மீட்டரை நம்பாமல் குச்சி விட்டு அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் பாதி டேங்குடன் இரவு நின்ற விமானத்தில் தண்ணீர் சேரும். அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். விமானப் பெட்ரோல் இளநீலம், தண்ணீர் நிறமில்லாமல் அடியில் உருண்டு நிற்கும். ஒரு துளி தெரிந்தாலும் தெளியும்வரை பிடித்துக் கொட்டுங்கள்.

தரையில் நின்ற பிறகு

எல்லோரையும் இறக்கி, காற்று வரும் பக்கமாகத் தூரமாய்ப் போங்கள். ஐந்து நிமிடத்தில் ஊரே கூடிவிடும். நல்ல மனதோடுதான் வருவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், ஆனால் யார் கையிலாவது பீடி இருக்கும், பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கும். “யாரும் கிட்ட போவாதீங்க, பெட்ரோல் இருக்குது” என்று உரக்கச் சொல்லி, பெரியவர் ஒருவரைப் பொறுப்பாக நிறுத்துங்கள். அடிபட்டிருந்தால் 108. ஊர்ப் பெயரையும் பக்கத்து பெரிய ஊரையும் அவர்களிடமே கேட்டுச் சொல்லுங்கள். ஏடிசிக்கும் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) பயிற்சிப் பள்ளிக்கும் போன் செய்து இறங்கிவிட்டோம் என்று தெரிவியுங்கள், இல்லாவிட்டால் தேடுதல் தொடங்கும். விசாரணைக்கு வருபவர்கள் அனுமதிக்கும்வரை விமானத்தை நகர்த்தக் கூடாது; ஆளை மீட்பதற்கு மட்டும் தொடலாம். சுவிட்சுகள் எந்த நிலையில் இருந்தன, ஊசிகள் என்ன காட்டின, மணி என்ன என்பதை அங்கேயே, மறப்பதற்குள், ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் வீட்டுக்கு ஒரு போன் போட்டு அம்மாவிடம் பேசுங்கள். டிவியில் வருவதற்கு முன்னால்.